முதல் வரி

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"அவங்கள ஏன் பாக்கறீங்க? பெத்தது நீங்களா, அவங்களா?"

நேற்று மத்தியானம், என்றாள் அக்கா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

கட்டிலில் குழந்தை. இரண்டு வயது. கை, கால், வாயெல்லாம் கொப்புளம். வாய்ப்புண்ணால் இரண்டு நாளாக ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நர்ஸ் மூன்றாவது இடத்தில் நரம்பு தேடிக் குத்தினாள்.

குழந்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வைரஸ் தானா போயிடும். உடம்புல தண்ணி வத்துனா உசுரும் கூடவே போயிடும். படிக்காதவங்களுக்கு இதச் சொல்லிச் சொல்லி..."

தங்கைக்குச் சுள்ளென்று வந்திருக்க வேண்டும். எட்டாவதோடு நின்று, தையல் மிஷினை மிதித்து மிதித்து அவளைப் பட்டதாரி ஆக்கியவள் அக்கா. அந்த வீட்டிலேயே முதல் பட்டம். அன்றிலிருந்து தங்கையின் பெயரே புரபசர்தான். அக்காவை யாராவது ஒரு சொல் சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவள்.

இன்றைக்குக் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

அக்கா முந்திக்கொண்டாள். "அவ ஊர்லயே இல்லீங்க டாக்டர். இன்னிக்குக் காலையிலதான் வந்தா."

சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாது என்று இருவரையும் வெளியே அனுப்பினார்கள்.

வராந்தாவில் நின்று தங்கை போனை எடுத்தாள். இந்த நோய் பற்றிய இணையப் பக்கம் அப்படியே திறந்திருந்தது. முதல் வரி: ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே சரியாகிவிடும்.

கட்டைவிரலால் மேலே தள்ளினாள். தடித்த எழுத்தில் நான்கைந்து வரிகள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால். அழும்போது கண்ணீர் வராவிட்டால். உடனே.

நேற்று சாயங்காலம் அக்கா வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் பர்ஸ்.

"அழறா, கண்ணுல தண்ணியே வரலடி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த தங்கை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த முதல் வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"புரபசரே சொன்னப்புறம் அப்பீல் ஏது?" என்று சிரித்துக்கொண்டே, அக்கா செருப்பைக் கழற்றினாள்.