பழைய உத்தியோகம்

மாரப்பன் கையில் கடப்பாரையோடு உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்தினார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள்.

"வேலையைப் பாதியில உட்டுட்டு வந்தேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

டிரஸ்ட், வருமான வரி விவகாரங்களைப் பார்க்கும் வக்கீல் சத்யப்பிரியா, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். குடும்ப டிரஸ்ட் எழுத வேண்டுமா என்று கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், அவள் எங்கே படித்தாள், எத்தனை வருடமாக வக்கீல் என்று விசாரித்தார். கோவையில் படித்ததையும் எட்டு வருட அனுபவத்தையும் சொன்னாள்.

"அதுக்கு முந்திங்க?"

"கவர்மென்ட் வேலை."

"எந்த ஆபீஸுங்க?"

கட்சிக்காரர்களிடம் அவள் வாய் திறக்காத விஷயம் அது. கடப்பாரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் துணிவு வரவில்லை.

"இன்கம்டாக்ஸ். இன்ஸ்பெக்டரா இருந்தேன்."

அவர் மெல்லத் தலையசைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தன் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி என்றார். மற்றவர்கள் பீரோவைக் குடைந்துகொண்டிருக்க, அவள் மட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அவருடைய அப்பா வைத்துப் பூசியிருந்த பத்திரங்களைப் பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டாளாம். பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத இடம். அப்பா சாகும்வரை அவள் பேச்சையே பேசிக்கொண்டிருந்தாராம்.

சத்யப்பிரியா நாற்காலியை இன்னும் பின்னுக்குத் தள்ளினாள். "என் டூட்டியைத்தாங்க செஞ்சேன்" என்றாள்.

மாரப்பன் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அப்பா போய் மூன்று மாதமாகிறது. உயில் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அது கிடைக்காமல் அண்ணன் தம்பி மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. சமையலறைச் சுவர்வரைக்கும் இடித்துப் பார்த்தாயிற்று.

"இன்னொருக்கா எங்க ஊட்டுக்கு ரெய்டு வாங்க, மேடம்."