அஞ்சாவது தலை

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… அஞ்சு. சரி, நடங்க."

மூத்தவள் மலைப்பாதையில் நின்றுவிட்டாள். அப்பா, அம்மா, அவள், தங்கை. மொத்தமே நாலு பேர்தான்.

"யாருப்பா அஞ்சு?"

அப்பா முகவாயால் பாதையின் கீழ்ப்பக்கம் காட்டினார். இருபதடி தள்ளி, பாறை வளைவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை. தோளில் பை இல்லை. கையில் தண்ணீர்கூட இல்லை. இவர்களைப் பார்க்கிறாளா, இவர்களுக்குப் பின்னால் இருக்கும் பாறையைப் பார்க்கிறாளா என்றே தெரியவில்லை.

"அவங்க நம்ம கூட வந்தவங்க இல்லப்பா."

"சரி, நட."

அப்பா முப்பது வருஷம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். தலை எண்ணாமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய இந்த நாலு நாளில் பெட்ரோல் பங்கில் எண்ணினார், கழிப்பறை வாசலில் எண்ணினார். "ஆட்டு மந்தையை ஓட்டிட்டு வந்த மாதிரி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் எண்ணிக்கை தப்பியது இதுதான் முதல் தடவை.

அடுத்த வளைவிலும் அஞ்சு. அதற்கடுத்த வளைவிலும் அஞ்சு. இவர்கள் நின்றால் அவளும் நின்றாள். நடந்தால் நடந்தாள். நடுவில் அதே இருபதடி.

சின்னவள் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாம நடந்தா சரளைக்கல் உருளுதுல்ல? அவங்க நடந்தா சத்தமே வரல."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் காலில் செருப்பு இல்லை. வெறுங்கால். குளிர்ந்த பாறை பட்டுப் பாதம் நீலம் பாரித்திருந்தது.

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் 'சக மனிதரைச் சந்தேகிப்பது நோய்' என்று மேஜையைத் தட்டிப் பேசிக் கோப்பை வாங்கியவள்தான் மூத்தவள். அவளே இப்போது, "வேகமா நடங்க, எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடிக்கல" என்றாள்.

அப்பா வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்.

உச்சிக்கு வந்தபோது வெயில் போய்விட்டிருந்தது. மொட்டைப் பாறை, நடுவில் ஓர் இரும்புக் கம்பம். வலது பக்கம் பாறை சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. மேகம் ஏறி வந்து, இவர்கள் வந்த பாதையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண் இவர்களைக் கடந்து நேராக அந்த வெள்ளைக்குள் போனாள். சாம்பலாக ஒரு கறை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கியது.

"கிளம்பலாம்ங்க, பாதை மறையுது" என்றாள் அம்மா.

அப்பா எண்ணினார். நாலில் நிறுத்தினார். "அஞ்சு வரல."

"வராட்டி என்னப்பா? அவங்க என்ன நம்ம வண்டியிலயா வந்தாங்க?"

"நம்ம பின்னாடி வந்தாங்க."

"பஸ்ஸுக்குப் பின்னாடி லாரி வந்தா அதையும் எண்ணுவீங்களா?"

"சத்தம் போடாத."

"போடுவேன்! இன்னும் கால் மணி நேரம் போனா கால் வைக்கிற இடம்கூடத் தெரியாது. போன்ல சிக்னல் இல்ல. யாருன்னே தெரியாத ஒருத்திக்காக எங்க மூணு பேர் உயிரைப் பணயம் வைக்கிறீங்க. என்ன நியாயம் இது? பதில் சொல்லுங்க!"

அப்பா வெள்ளைப் பக்கம் திரும்பி, பஸ் நிலையத்தில் கூவும் குரலில், "ஒண்ணு!" என்றார். அம்மாவைப் பார்த்தார்.

"இந்த மனுஷனுக்கு என்னவோ ஆயிடுச்சு… ரெண்டு."

"மூணு" என்றாள் மூத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாலு" என்று சின்னவள் கீச்சென்றாள்.

காற்று மட்டும்தான் அடித்தது. அப்பா மறுபடி, "ஒண்ணு!" என்றார். ரெண்டு. மூணு. நாலு. ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்தது.

"நாலு" என்றாள் சின்னவள், அழுதுகொண்டே.

வெள்ளைக்குள்ளிருந்து, பல நாள் பேசாத தொண்டை ஒன்று கரகரத்தது.

"…அஞ்சு."

சின்னவள் அலறி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் மேகத்திலிருந்து வெளியே வந்தாள். அப்பா தன் காலணியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அம்மாவுக்கும் சின்னவளுக்கும் நடுவில் அவளை நடக்க விட்டு, தான் காலுறையோடு கடைசியில் வந்தார். தட்டுத் தடுமாறி இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

அடிவாரத்தில் அப்பா வேன் கதவைத் திறந்துவிட்டார். "உள்ளே ஏறும்மா. சூடா டீ குடிக்கலாம்."

அவள் ஏறினாள். அம்மா போர்வையை எடுத்து நீட்டினாள்.

இதற்கு மேல் மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. இறங்கும்போதெல்லாம் அடக்கி வைத்த அத்தனையையும் கேட்டுவிடுவது என்று அப்பாவைத் தேடிப் போனாள்.

அவர் வேனை ஒட்டி நின்ற ஒரு சின்னக் காரின் முன்னால் குனிந்திருந்தார். அதன் முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டியிருந்த தாளை, கிழிந்துவிடாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க கார்ல என்னப்பா பண்றீங்க?"

அப்பா திடுக்கிட்டுத் தாளை மடிக்கப் பார்த்தார். அதற்குள் அவள் படித்துவிட்டாள். காலையில் நாலு பேரும் அந்தக் காரைத் தாண்டித்தான் மலையேறினார்கள். அப்பா மட்டும்தான் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தார்.

'யாரும் என்னைத் தேட வேண்டாம்.'