சீருடை இல்லாத அறை

"என்னைக் கரடின்னு சொன்னதை இவங்க வாபஸ் வாங்கணும். இல்லேன்னா இப்பவே எழுந்து போறேன்!" காசிமிர் மேசையைத் தட்டியதில் மூன்று காபிக் கோப்பைகளும் குதித்தன.

"போங்களேன். கதவு அந்தப் பக்கம்" என்றாள் ரொசெட்டா.

லியோன்டின் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால். நகரப் போலீஸைக் கண்காணிக்கும் பொதுமக்கள் ஆணையத்தில் அவள் சம்பளமில்லாத உறுப்பினர். புகார் கொடுத்தவரையும் புகாருக்கு ஆளான போலீஸ்காரரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்கும் இந்தச் சமரச அறை அவளுடைய யோசனை. வேறு ஆட்களோடு நடந்த முதல் இரண்டு சந்திப்புகளும் சண்டையில் முடிந்திருந்தன. இன்று ஐந்து மணிக்குள் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காவிட்டால், ஏழு மணி ஆணையக் கூட்டத்தில் அறையை இழுத்து மூட ஓட்டுப் போட்டுவிடுவார்கள்.

அறையின் விதிகளையும் அவள்தான் எழுதினாள். சீருடை கூடாது, துப்பாக்கி கூடாது, வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. பெயர் மட்டும்தான். நடுவராக உட்காரும் அவளும் முன்கூட்டியே புகார்க் கோப்பைப் படிக்கக் கூடாது.

படிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருந்ததில்லை. முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் நின்றவள். ஆள் உள்ளே நுழையும்போதே இருமலா, வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். காசிமிருக்கு ஒட்ட வெட்டிய முடி, கதவை அடைக்கும் தோள்கள். வந்ததும் சுவரோரமாக, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ரொசெட்டா பூப்போட்ட கழுத்துத் துணியும் சளி பிடித்த மூக்குமாக ஒடுங்கியிருந்தாள்.

'எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும், பாவம், இங்கே வர' என்று நினைத்து, லியோன்டின் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"காசிமிர், கொஞ்சம் மெதுவா. உங்க குரலைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு. ரொசெட்டா, நீங்க பயப்படாம சொல்லுங்க. என்ன நடந்தது?"

"சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் மேடம். நோன்புக்கு முன்னாடி சாப்பிடற ஜாம் வச்ச பூஞ்ச்கி பன் வாங்க, பேக்கரி வாசல்லேர்ந்து தெருமுனை வரைக்கும் கூட்டம். நடுரோட்டுல கார் விஷயமா எங்களுக்குள்ள வாக்குவாதம். அத்தனை பேர் முன்னாடி, 'இது என்ன உங்கப்பன் போட்ட ரோடா'ன்னு கேட்டார்."

"நீங்க விரலை ஆட்டி ஆட்டிப் பேசினா?"

"விரல் ஆட்டினா அப்பாவை இழுக்கறதா?"

"அதுக்காகக் கரடியா? யாரோ வீடியோ எடுத்துட்டாங்க மேடம். என் பொண்ணு போன்ல என் பேரையே கரடின்னு மாத்தி வச்சிருக்கா. கூப்பிட்டா உறுமற சத்தம் வருது!"

லியோன்டின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும். "உங்க வேலையில பொறுமை வேணும் இல்லையா, காசிமிர்?"

"நிறைய வேணும் மேடம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்..."

"வேண்டாம், வேலைப் பேச்சு கூடாது." தானே விதியை மீறிவிட்ட வெட்கத்தில் அவசரமாகக் கையைத் தூக்கினாள். "ரொசெட்டா, உங்களுக்கு அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு வலிச்சது?"

ரொசெட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது நிஜமாவே எங்கப்பா போட்ட ரோடு மேடம். மாநகராட்சியில இருபத்தாறு வருஷம் தார் ஊத்தினார். அந்தத் தெரு அவர் கடைசியாப் போட்டது."



"நிஜமாவா?" என்றார் காசிமிர்.

"நிஜமா."

"அப்போ அன்னிக்கே 'ஆமா'ன்னு சொல்லியிருக்கலாமே!"

"தோணலையே! கரடிதான் தோணுச்சு."

காசிமிரின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ரொசெட்டா அடக்கிப் பார்த்து, தும்மலும் சிரிப்புமாகத் தோற்றுப்போனாள்.

"கரடின்னு சொன்னது தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நானும் உங்கப்பாவை இழுத்திருக்கக் கூடாது. நல்ல ரோடுங்க. இந்தக் குளிருக்கும் ஒரு பள்ளம் விழல. அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

லியோன்டினுக்குக் கண் கசிந்தது. இவ்வளவு நேரமும் அந்தப் பெரிய மனிதரைத் தான்தான் மிரட்டிக்கொண்டிருந்தோமோ என்று உறுத்தியது. ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதிகாரத்துல இருக்கறவங்க சாதாரண ஜனங்ககிட்ட மன்னிப்பு கேட்கறது லேசில்ல, காசிமிர்."

"அதான் மேடம், இவங்க கேட்டதும் எனக்கே மனசு இளகிடுச்சு" என்றவர், 'புகார் கொடுத்தவர்' என்ற வரியில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினார்.

ரொசெட்டா அதற்குக் கீழே, தன் போலீஸ் பேட்ஜ் எண்ணையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டாள்.