நூற்றுப் பதினைந்தாவது மனு

சூலூர் விமானப்படைத் தளத்துச் சுவரை ஒட்டிய முல்லை நகரின் சங்கச் செயலாளர் ஹரிபிரசாத். ஜெட் இரைச்சலை எதிர்த்து அவர் எழுதிய நூற்றுப் பதினான்காவது மனு ஒருவழியாகப் பலித்தது. திங்கட்கிழமை இரவு முதல் ஜெட்டுகள் பூனை நடப்பதுபோலப் பறந்தன. சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஜெட்டின் நிழல் ஓடியது. நிழல் விழுந்தால் முல்லை நகர்க்காரர்கள், முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பத்து வினாடி இரைச்சலுக்குள் சொல்லித் தீர்த்துக்கொள்வார்கள். நாற்பது வருடப் பழக்கம். ஹரிபிரசாத்தின் வாய் தானாகத் திறந்தது.

“இந்தக் கொழம்ப மனுசன் திம்பானா?”

அதே நொடியில் மனைவி மைதிலியின் வாயும் திறந்திருந்தது.

“முந்தாநேத்து வெச்ச கொழம்பு. நாக்கு செத்த மனுசனுக்கு என்ன தெரியப்போகுது?”

இருவருக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“என்னுங் மாமா சொன்னீங்க?”

“கொழம்பு அருமைன்னேன் அம்மணி. நீ?”

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமான்னேனுங்க.”

பக்கத்து வீட்டில் பாத்திரம் பறந்தது. எதிர்வீட்டு மருமகள் பெட்டியோடு தெருவில் இறங்கினாள்.

ஹரிபிரசாத் எச்சில் கையைக்கூடக் கழுவாமல், இரைச்சலைத் திருப்பித் தரச்சொல்லி மனு எழுத உட்கார்ந்தார். முதல் கையெழுத்தை மைதிலி போட்டாள்.