ஒத்தப் புள்ள

மனச்சிதைவுக்கு ஒரு மரபணு காரணமா என்று பார்க்கும் ஆய்வு அது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத குடும்பத்தாரின் ரத்தம் போதாமல் போனபோது, அந்த ஆய்வில் வேலை பார்க்கும் வசுமதி தன் கையையே நீட்டியிருந்தாள். "எங்க வீட்ல யாருக்கும் அது இல்ல சார்" என்று பேராசிரியரிடம் வாய் கூசாமல் சொல்லியுமிருந்தாள்.

இன்று நோயாளிகளின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் அவளுடைய அண்ணன் தணிகை.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று பேராசிரியர் கேட்டார்.

தணிகை அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"யாருமில்ல சார். நான் ஒத்தப் புள்ள."

ரத்தம் எடுக்க வேண்டியவள் அவள்தான். அவன் கையில் ரப்பர் பட்டையைச் சுற்றினாள். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"பதறாமக் கட்டுங்க மேடம்" என்றான் அண்ணன். "எனக்கு வலிக்காது."