சிரித்தால்தான் கூலி

வங்கிகள் எட்டிப் பார்க்காத உப்பளக் குடியிருப்பில் இப்போது எல்லாப் பணமும் ஒரு கம்பெனி நடத்தும் கைபேசிச் செயலியில்தான். அதைப் பார்த்துச் சிரித்தால்தான் பணம் போகும். யாரும் மிரட்டிப் பிடுங்கவில்லை என்பதற்குச் சிரிப்பே சாட்சியாம். ஏழைகள் மேல் கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை!

பேச்சித்தாயின் புருஷனைப் புதைத்துவிட்டு, குழி தோண்டிய இசக்கி கூலிக்கு வாசலில் நின்றார். ஒப்பாரிக்கு நடுவே எழுந்து வந்தவள் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னும் மலர்ந்து சிரியுங்கள்" என்றது அது.

இசக்கி பதறினார். "வேண்டாம் தாயி, கூலி கெடக்கட்டும்."

"பாடுபட்டுட்டுச் சும்மாவா போவிய, அண்ணாச்சி?" என்றவள் பல் தெரியச் சிரித்தாள். பணம் போய்விட்டது.

பத்தாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி விளம்பரமாக, அன்று கைபேசியில் பதிவான அவள் சிரித்த முகம் தொங்கியது: "வங்கி தராத சிரிப்பை நாங்கள் தந்தோம்!"

கன்னத்தில் வழிந்த கண்ணீரை மட்டும் சுத்தமாக அழித்திருந்தார்கள்.