தொப்பி போட்ட பன்றி

பன்றி திரையில் ஓடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தை எடுத்த ரோதியோன் இருட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

ஊதா நிறப் பன்றி. தலையில் தொப்பி. படத்தின் சோகமான இடத்தில், ஒரு காரணமும் இல்லாமல், இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் ஓடி மறைந்தது.

கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெட்டுப்படுவதற்கென்றே பிறந்த பன்றி.

சோவியத் ஆட்சியில், மாஸ்கோவில் கார்ட்டூன் படம் எடுக்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். படத்தைப் பார்த்து அனுமதி தருகிற குழு எதையாவது வெட்டாமல் எழுந்து போகாது. வெட்டாவிட்டால் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததற்கு என்ன அர்த்தம்? அதனால் புது வீட்டுக்குத் திருஷ்டிப் பொம்மை கட்டுகிற மாதிரி ஒரு பன்றியைக் கட்டிவிட வேண்டும். கண் அதன்மேல் படும், வீடு தப்பும்.

ரோதியோன் காப்பாற்ற நினைத்த வீடு, பன்னிரண்டு நொடிக் காட்சி ஒன்று.

ஆறு உறைந்துபோய்விட்டது என்று ஆற்றிடமே புகார் கொடுக்கக் கிளம்பும் ஒரு வாத்து. ஒன்பது நிமிடப் படம். வழியில் ஒருத்தி பழைய பஞ்சுக் கோட்டு ஒன்றைக் கொடியில் காயப்போடுகிறாள். வெளுத்துப்போன கோட்டு. நெஞ்சில் ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகக் கறுத்திருக்கும். காற்றில் அது ஒரு சுற்றுச் சுற்றும். வாத்து நின்று பார்க்கும். பிறகு நடக்கும்.

அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தாள். ஒன்றைக்கூட வேறு கையில் கொடுக்காமல் அவனே வரைந்தான். அந்தச் சதுரம் என்ன என்று யாராவது கேட்டால், பை கிழிந்த இடம் என்று சொல்ல வைத்திருந்தான்.

விளக்கைப் போட்டார்கள்.

கல்வித் துறை ரைஸா கார்லவ்னா தொடங்கினார். "வாத்து ஏன் ஒத்தையில போவுது? நாலு வாத்தா சேந்து போனா பிள்ளைங்களுக்கும் நல்ல பழக்கம் வரும்ல."

"நாலு போனா ஊர்வலம் ஆயிடும்ங்க," என்றான் ரோதியோன். "அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்."

கடைசி வரிசையில் ஓர் இருமல். இருமலா, சிரிப்பா தெரியவில்லை.

அங்கேதான் குழுத் தலைவர் பொர்ஃபிரி ஸ்தெபானவிச் உட்கார்ந்திருந்தார். எந்தப் படமானாலும் கடைசி வரிசைதான், முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தூங்குவதற்கு வசதி என்று ஸ்டுடியோவில் கேலி. ஆனால் அந்த மனிதரின் கத்தரிக்கோல் தூங்காது. போன வருஷம் ஒரு முயலின் கொட்டாவியை வெட்டியவர்.

"பன்னிக்கு எதுக்குத் தொப்பி?" என்றார் வேளாண்மைத் துறைக்காரர். "நம்ம பண்ணையில எந்தப் பன்னி தொப்பி போடுது?"

ரோதியோனுக்கு உயிர் வந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பன்றி போனால் படமே போச்சு என்று புலம்பினான். நான்கு படங்களாகப் பழகிய புலம்பல், தடங்கலில்லாமல் வந்தது.

"பன்னி இருக்கட்டும்," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். "இந்த வருஷத்துல இது பதினோராவது பன்னி. உள்ளதுல இதுதான் லட்சணமா இருக்கு. இப்ப சொல்லு தம்பி, இதுக்குப் பின்னால எதை ஒளிச்சு வெச்சிருக்க?"

எல்லாத் தலையும் ரோதியோன் பக்கம் திரும்பியது.

அவனிடம் இரண்டாவது பன்றி இல்லை. கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுத்தான்.

"நிலா," என்றான். "கடைசியில அப்பம் மாதிரி உருண்டு வந்து பனிக்கட்டி மேல விழுதே, அதான்."

மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்த நிலா. குரல் தானாகவே உடைந்தது. நடிக்க வேண்டியிருக்கவில்லை.

குழுவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. "நம்ம ஆளுங்க அங்க போய் எறங்கப் பாக்குற நேரத்துல, நிலாவைக் கீழ தள்ளுறதா?" என்றார் ரைஸா கார்லவ்னா. நிலா போயிற்று. கையெழுத்து விழுந்தது. கேண்டீனில் சாசேஜ் தீர்ந்துவிடும் என்று யாரோ சொன்னதும், பன்றியைவிட வேகமாக எல்லோரும் கதவைத் தாண்டினார்கள்.

தலைவர் மட்டும் எழவில்லை.

"இன்னொரு திருத்தம் இருக்கு. தாள்ல எழுத மாட்டேன். காதுல வாங்கிக்க."

ரோதியோன் நாற்காலி வரிசைகளைத் தாண்டி அவர் பக்கத்தில் போனான்.

"அந்தக் கோட்டு."

"பை கிழிஞ்ச எடம், பொர்ஃபிரி ஸ்தெபானவிச்."

"சரி, பைதான். காத்துல அது திரும்புது பாரு, அப்ப முதுகு மொட்டையா இருக்கு. முதுகுலயும் ஒரு நம்பர் தைப்பாங்க தம்பி. நெஞ்சுல உள்ளதைவிடப் பெருசு. பிரிச்சுப் போட்டாலும் அந்தக் கறுப்பு போகாது."

 

வடக்கே கைதி முகாமில் ஆறு வருஷம் கிடந்துவிட்டு வந்த அப்பாவின் கோட்டு அது. அதைப் போட்டுக்கொண்டு சாகிறவரை சுவரில் சாய்ந்தேதான் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகை ரோதியோன் பார்த்ததே இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொண்டா," என்றார் தலைவர்.

பிறகு, சுவரிலிருந்து முதுகை மெதுவாக எடுத்துக்கொண்டு எழுந்தார்.